நான்கு மணிநேரமும் நான்கு பிரிவுகளும்

2020 மார்ச் 24, இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. நடுவில் இருந்தது நான்கு மணிநேரம். என்னைப் போன்ற ஐடி ஆட்களுக்கு லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்ற அது தாராளம். சூரத்தில் தறி ஓட்டிய ஒடிசாக்காரர் ஸ்டேஷனுக்கு ஓடியும் பயனில்லை. பயணிகள் ரயில்கள் இரண்டு நாள் முன்பே நின்றுவிட்டன.

அன்று தொடக்கப் பள்ளியில் இருந்த பிள்ளைகளுக்குக் கொரோனா என்றால் மாஸ்க், ஆன்லைன் வகுப்பு, ஒரே போனுக்கு அண்ணன் தங்கை சண்டை. நெடுஞ்சாலையில் நடந்தவர்கள் அந்த நினைவில் இல்லை. அவர்களுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நானாக இருந்தால் 1896-இல் தொடங்குவேன். பம்பாயில் பிளேக் பரவுகிறது. மில் தொழிலாளர்கள் உட்பட லட்சக்கணக்கானோர் நகரத்தை விட்டு ஓடுகிறார்கள். 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவருகிறது. மொத்தம் நான்கு பிரிவுகள்தான், ஒரே பீரியடில் வாசித்துவிடலாம். ரயிலில் போகிறவர்களைச் சோதிக்கலாம், சந்தேகப்பட்டால் பிரித்து வைக்கலாம், மீறினால் தண்டிக்கலாம், இதையெல்லாம் நல்லெண்ணத்தோடு செய்த அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது. கூலி, சோறு என்ற பேச்சே இல்லை. இழப்பீடு என்ற சொல் மட்டும் ஓரிடத்தில் வருகிறது, அதுவும் 'ஏதும் இருந்தால்' என்ற வாலோடு.

2020-இல் மாநிலங்கள் தூசிதட்டி எடுத்ததும் இதே சட்டத்தைத்தான். நாடு தழுவிய ஊரடங்குக்குப் பயன்பட்டது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் கீழ் மார்ச் 29-இல், கூலியைப் பிடிக்கக் கூடாது என்று ஒரு உத்தரவும் வந்தது. மே 18-லிருந்து அது கிடையாது என்றாகிவிட்டது.

அதற்குப் பத்து நாள் முன்னால், மே 8 விடியற்காலையில், மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்ப ரயில் பிடிக்க நடந்தவர்கள், அசதியில் தண்டவாளத்திலேயே தூங்கிவிட்டார்கள். கையோடு கொண்டுவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். ஓடுகிற ரயிலே இல்லை என்று நம்பித்தானே அங்கே படுத்திருப்பார்கள்?

ஜூலையில் சிபிஎஸ்இ பாடச்சுமையைக் குறைத்தது. பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியலில் அந்த ஆண்டுத் தேர்வுக்கு வேண்டாம் என்று எடுக்கப்பட்டவற்றில் குடியுரிமையும் கூட்டாட்சியும் உண்டு. ஓராண்டுக்கு மட்டும்தான் என்றார்கள், சரி. ஆனால் பிழைக்கப் போன ஊரில் ஒருவருக்கு என்ன உரிமை, அவருக்குச் சோறு போட வேண்டியது எந்த மாநிலம் என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்தக் கேள்விகளுக்கான பாடங்கள் இவைதான்.

செப்டம்பரில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஊர் திரும்பியதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்: தரவு இல்லை.

ஆகவே வீட்டுப்பாடமாக ஒன்றே ஒன்று கொடுக்கலாம். உங்கள் தெரு ஓட்டலிலோ கட்டட வேலையிலோ இருக்கும் பீகார், ஒடிசா அண்ணனிடம் கேளுங்கள்: 2020-இல் எப்படி ஊருக்குப் போனீங்க, எத்தனை நாள் ஆச்சு, பாக்கிக் கூலி வந்துச்சா, கூட வந்தவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்தாங்களா? அவர் சொல்ல விரும்பினால், சொல்வதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். இல்லை என்று சொல்லப்பட்ட தரவு அங்கேதான் இருக்கிறது.