கணக்கில் வராத செவிகள்: பாடல் தரவரிசையும் வன்னியின் கேட்டல் வரலாறும்

பாடல்களின் வெற்றியை அளந்து வரிசைப்படுத்தும் பட்டியல்கள் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக வெளிவருகின்றன. இலங்கையின் வன்னி நிலத்தில் உள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் கேட்பவர்கள் இக்காலத்தின் பெரும்பகுதியில் எந்த எண்ணிக்கைக்குள்ளும் வரவில்லை. இசைத்தட்டுக் கடை அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. பின்னர் மின்சாரம் இல்லாமற் போனது. இப்போது கைபேசி இருக்கிறது. ஆனால் அதில் ஒலிப்பதில் ஒரு பங்கு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. வன்னியின் குறையாக மட்டும் இதைப் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். ஓர் அளவுகோல் எதை அளக்கிறது என்பது, அது எட்டாத இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். அந்த இடத்திலிருந்து தரவரிசையின் வரலாற்றைத் திரும்ப வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1935 ஏப்ரலில் அமெரிக்க வானொலியில் தொடங்கிய 'யுவர் ஹிட் பரேட்' நிகழ்ச்சி வரிசைப்படுத்தியது பாடல்களை. ஒரு பாடலை யார் பாடினார் என்பது அதற்கு முக்கியமாக இருக்கவில்லை. இசைக்குறிப்புத் தாள்களின் விற்பனை, வானொலிக்கு வந்த வேண்டுகோள்கள், இசைத்தட்டு விற்பனை போன்றவற்றைச் சேர்த்துத் தரவரிசை போட்டதாகச் சொன்னார்கள். கணக்கிட்ட முறையை மட்டும் வெளியிடவில்லை. 1940 ஜூலையில் பில்போட் இதழ் சில்லறைக் கடைகளில் அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் பட்டியலைத் தொடங்கியது. 1952 நவம்பர் 14 இல் லண்டனின் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழில் பிரித்தானியாவின் முதற் பட்டியல் வந்தது. இதழின் விளம்பரப் பகுதியில் இருந்த பேர்சி டிக்கின்ஸ் ஏறக்குறைய இருபது கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து, எது நன்றாகப் போகிறது என்று கேட்டு எழுதியதுதான் அது. 1958 ஓகஸ்ட் 4 இல் வந்த பில்போட்டின் 'ஹொட் 100' விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் ஒன்றாகச் சேர்த்தது.

இந்த இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் நடந்த ஒரு மாற்றம் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. எண்ணப்படும் பொருள் பாடலாக இருந்தது, பதிவாக மாறியது. ஒரு பாடலைப் பத்துப் பேர் பாடியிருந்தால் பத்தும் தனித்தனிப் பண்டமாயின. விற்பவருக்கு அது வசதியான பிரிப்பு. ஆனால் வன்னி போன்ற நிலத்தில் பாடல் வாழ்ந்த முறையே வேறு. பயிரைப் பன்றியிடமிருந்தும் குருவியிடமிருந்தும் காத்த இரவு பகல்களோடு ஒட்டிய பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும், யானை கட்டிய அரியாத்தையின் கதையைச் சொல்லும் வேலப்பணிக்கன் ஒப்பாரியும், முல்லைத்தீவின் கோவலன் கூத்துப் பாட்டுகளும் எந்தத் 'தட்டு'க்கும் சொந்தமானவை அல்ல. எத்தனை ஊரார் எத்தனை தலைமுறையாகப் பாடினார்கள் என்பதே அவற்றின் வெற்றிக்கான ஒரே சான்று. பதிவை எண்ணும் பட்டியலில் அவற்றின் மதிப்பு பூச்சியம்.

இலங்கையில் தரவரிசையின் கதை வானொலியோடு தொடங்குகிறது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கியபோது, அந்த இடத்தை ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' இந்திச் சேவையில் தொடங்கியது. முதலில் அது ஏழு பாடல்களைக் கொடுத்து, அவற்றை வரிசைப்படுத்தும்படி நேயர்களைக் கேட்ட பரிசுப் போட்டி. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்ததும் போட்டியைக் கைவிட்டு, வாராந்தத் தரவரிசையாக மாற்றினார்கள். கடைகளின் விற்பனை அறிக்கையும் நேயர் வேண்டுகோளும் அதற்கு அடிப்படை. இரண்டையும் வளைக்க முடிந்தது. கடையில் தட்டுகளை மொத்தமாக வாங்கி விற்பனையை உயர்த்தலாம். ஒருவரே பல பெயரில் கடிதம் எழுதலாம். ஆகவே பல ஊர்களில் இருந்த நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மன்றம் கூடிப் பேசி அனுப்பும் வரிசையில், தனி ஒருவரின் பணத்துக்கும் பிடிவாதத்துக்கும் பலம் குறைவு. தரவரிசை வரலாற்றில் இது எளிய ஆனால் மிகக் கூர்மையான திருத்தம். இன்றைய கணினி எண்ணிக்கைகளில் இதற்கு இணையாக ஒன்றை நான் காணவில்லை.

தமிழ்ச் சேவையில் எஸ்.பி. மயில்வாகனம் தொடங்கி கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் வரையான அறிவிப்பாளர்கள் வாசித்த பெயர்ப் பட்டியல்களும் ஒருவகைக் கணக்கெடுப்பே. பாடலுக்கு முன் அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வரும். அஞ்சலட்டை வாங்கி, எழுதி, தபாற்பெட்டியில் போட்டவரின் விருப்பம் அது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருந்தார். வன்னியின் கமக்காரக் குடும்பத்துக்கும் கொழும்பு வீட்டுக்கும் அந்தப் பட்டியலில் ஒரே எடை. அளவு முறை என்ற வகையில் இது கடைக் கணக்கைவிட நேர்மையானது. எழுதத் தெரியாதவர் விடுபட்டார், நேரமில்லாத தாய்மார் விடுபட்டனர் என்ற குறை இருந்தாலும், வாங்கும் சக்தி இல்லாதவரும் எண்ணப்பட்டார் என்பது பெரிய விடயம்.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர்ப் படைப்புக்கு இடம் திறந்தன. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசை பரவியது. 1983 இல் போர் தொடங்கிய பின் எல்லாம் வேறு.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்ததும் வடக்குக்கான பொருள்கள் கட்டுப்படுத்தப்பட்டன. எரிபொருளோடு பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தது. 1995 இறுதியின் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்த நிலத்தில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு வழி இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையிலும் கைபிடியிலும் நிற்க வைப்பார்கள். டைனமோவின் தலையைச் சில்லோடு அழுத்திவிட்டு, அதிலிருந்து இரண்டு வயர்களைக் கசெற் றெக்கோடருக்கு இழுப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை சோர்ந்தால் மோட்டார் தளரும். பாடகரின் குரல் கீழே இறங்கி இழுபடும். இன்னொருவர் வந்து கை மாற்றுவார். கசெற்றைப் பின்னோக்கிச் சுற்றுவதற்கு அந்த மின்சாரத்தை வீணாக்காமல், பேனையைப் பல்லுச் சக்கரத்தில் செருகிக் கையாலேயே சுற்றினார்கள். தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு பாட்டுக்காவது வருமா என்று பார்த்தார்கள்.

அளவு முறையியல் பேசுகிறவர்கள் இந்தக் காட்சியில் சற்றுத் தங்க வேண்டும். இங்கே ஒரு பாடலை ஒருமுறை கேட்பதற்கு ஒரு மனிதரின் தோள் வலி விலையாக இருந்தது. ஆகவே எந்தப் பாடலைப் போடுவது என்பது அலட்சியமாக எடுக்கும் முடிவாக இருக்கவில்லை. சுற்றுபவர் ஒருவர், சுற்றியிருந்து கேட்பவர் பத்துப் பதினைந்து பேர். இன்றைய கணக்கு முறை அந்த முற்றத்தில் இருந்திருந்தால் அதை 'ஒரு கேட்பு' என்று பதிந்திருக்கும். தெரிவின் உறுதியாலும் செவிகளின் எண்ணிக்கையாலும் பார்த்தால், தன்னியக்கமாக அடுத்தடுத்து ஓடும் நூறு கேட்புகளைவிட அது கனமானது.

அக்காலத்து வன்னியில் அதிகம் ஒலித்தவை போராட்ட எழுச்சிப் பாடல்கள். புதுவை இரத்தினதுரையின் வரிகளும் எஸ்.ஜி. சாந்தன், வர்ணராமேஸ்வரன் போன்றோரின் குரல்களும் வீடுதோறும் தெரிந்தவை. 1990 இல் தொடங்கிய புலிகளின் குரல் வானொலி அவற்றை நாள்தோறும் ஒலிபரப்பியது. இங்கே ஆய்வாளர் தன் மனச்சாய்வைத் தள்ளிவைத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓர் இயக்கத்தின் வானொலி ஒரு பாடலை எத்தனை முறை போட்டது என்பது அந்த இயக்கத்தின் விருப்பத்தைக் காட்டும். மக்களின் விருப்பத்தை அப்படியே காட்டாது. அமெரிக்காவில் இசைத்தட்டு நிறுவனங்கள் அறிவிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்துப் பாடல்களை ஒலிக்கச் செய்த விவகாரம் 1959–60 இல் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. அங்கே பணம், இங்கே அதிகாரம். இரண்டிலும் ஒலிபரப்பின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றியைக் கணிக்க முடியாது.

அப்படியானால் மக்கள் உண்மையில் எதைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதை எப்படி அறிவது? அதிகாரம் போன பின் எது மிஞ்சியது என்று பார்ப்பது ஒரு வழி. 2009 இல் போரின் முடிவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மெனிக் பாம் போன்ற முகாம்களுக்குள் வந்தபோது கசெற்றுகள் கைவிடப்பட்டும் புதைக்கப்பட்டும் எரிந்தும் போயிருந்தன. அதன் பின் அப்பாடல்களைப் பொதுவில் ஒலிக்க மக்கள் அஞ்சினார்கள். வெளியில் கேட்காத பாடலுக்கு எந்தப் பட்டியலும் பூச்சியம் போடும். அச்சத்தால் அடங்கிய பாடலுக்கும் சலித்துப் போய் மறந்த பாடலுக்கும் அந்தப் பூச்சியம் ஒன்றுதான். கிளிநொச்சியில் வாழ்ந்த சாந்தன் 2017 பெப்ரவரி 26 இல் காலமானார். அவர் பாடிய கோயில் பக்திப் பாடல்கள் தடையின்றி ஒலிக்க, அதே குரலின் மற்றப் பாடல்கள் மௌனமாகவோ கடல் கடந்தோ இருந்தன. ஒரே பாடகரின் இரு தொகுதிகளை வைத்து அவருக்கு எது 'வெற்றி' என்று சொல்ல எந்த விற்பனைப் புத்தகமும் உதவாது.

இடையில் வந்த 2002–2006 போர்நிறுத்தக் காலத்தை விரைவாகக் கடக்கலாம். ஏ9 வீதி திறந்தது, பற்றரி வந்தது, இறுவட்டுக் கடைகள் வந்தன. 1998 இல் தொடங்கிய சூரியன், சக்தி எவ்எம் வானொலிகளின் திரைப்பாடல்கள் நாளாந்தக் கேட்டலில் முன்னுக்கு வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது.

எண்ணும் கருவி மாறினால் வெற்றியும் மாறும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று 1991 இல் அமெரிக்காவில் கிடைத்தது. அதுவரை கடைக்காரர் சொன்னதைக் கேட்டு எழுதிய பில்போட், அவ்வாண்டு மே 25 முதல் இசைத்தொகுப்புப் பட்டியலுக்கு சவுண்ட்ஸ்கான் என்ற பட்டைக்குறியீட்டுக் கணக்கைப் பயன்படுத்தியது. அடுத்த சில வாரங்களிலேயே நாட்டுப்புற கன்ட்ரி இசையும் ராப் இசையும் மேலே ஏறின. கேட்பவர்கள் மாறவில்லை. கிராமத்து வெள்ளையரும் நகரத்துக் கறுப்பரும் வாங்கியதைக் கடைக்காரர் குறைத்தே நினைவில் வைத்திருந்தார், அவ்வளவுதான். கருவி திருந்தியபோது புறக்கணிக்கப்பட்டவர்கள் பட்டியலுக்குள் வந்தார்கள் என்பது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் பட்டைக்குறியீடு வாசிக்கும் இயந்திரம் உள்ள கடைக்கு வரக்கூடியவர்கள்தான் அப்போதும் எண்ணப்பட்டார்கள்.

இணைய யுகம் இந்த வரம்பை உடைத்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' 2020 நவம்பரில் யூரியூப்பில் 100 கோடிப் பார்வைகளைக் கடந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சியில் ஏறத்தாழ 1,13,000 பேர், முல்லைத்தீவில் 92,000 பேர், வவுனியாவில் 1,72,000 பேர். கைக்குழந்தைகள் உட்பட மூன்று மாவட்டத்தாரும் ஒரு பாடலை ஆளுக்கு நூறு முறை கேட்டாலும் நான்கு கோடியைத் தொடாது. ஒரு நிலம் முழுவதும் மனப்பாடமாக அறிந்த பாடல் உலகப் பட்டியலில் தூசியாகவும் தெரியாது. மொத்த எண்ணிக்கை என்பது பெரிய சந்தைகளின் அளவைப் பாடலின் தகுதியாகக் காட்டும் முறை.

எடைபோடும் விதியைப் பாருங்கள். பிரித்தானியப் பட்டியல் 2014 ஜூலையில் இணையக் கேட்புகளைச் சேர்த்தபோது நூறு கேட்பு ஒரு விற்பனைக்குச் சமம் என்றது. 2018 முதல் சந்தா கட்டுபவருக்கு நூறு, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவருக்கு அறுநூறு. அதாவது காசில்லாதவரின் ஆறு கேட்புக்குக் காசுள்ளவரின் ஒன்று. பணம் செலுத்துவது ஈடுபாட்டின் அடையாளம் என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். டைனமோ சுற்றிய கைகளை நினைத்தால் இந்த நியாயம் நிற்காது; ஈடுபாட்டுக்குப் பணத்தைத் தவிர வேறு நாணயங்களும் உண்டு. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 இல்தான். 2022 பெப்ரவரியில் பில்போட் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குத் தனிப் பட்டியல் தொடங்கியபோது இந்தியா இருந்தது, இலங்கை இருக்கவில்லை.

போருக்குப் பின் வன்னியில் பாடல் பரவிய முக்கிய வழிகளில் ஒன்று கைபேசிக் கடை. மெமரி காட்டைக் கொடுத்தால் கடைக்காரப் பொடியன் கணினியிலிருந்து பாட்டுகளை ஏற்றிக் கொடுப்பான். அதன் பின் அந்தக் கைபேசியில் அவை எத்தனை ஆயிரம் முறை ஒலித்தாலும் எங்கும் பதிவாகாது. ஏ9 வீதியில் ஓடும் தனியார் பேருந்துகளின் பென்டிரைவ், சாமத்திய வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும் சவுண்ட் சேர்விஸ், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்குத் திரண்ட சனத்தின் மேல் ஒலிக்கும் பெருக்கி ஆகியவற்றையும் யாரும் எண்ணுவதில்லை. கோயில் ஒலிபெருக்கியில் போடுவது சபையின் தெரிவு, கேட்பவரின் தெரிவல்ல என்ற எதிர்வாதம் சரியானது. ஆகவே ஒலித்த தடவையை எண்ணாமல், ஒலிக்கும்படி கேட்டவர்களை எண்ண வேண்டும். கலியாண வீட்டில் சவுண்ட் சேர்விஸ்காரரிடம் வந்து "அண்ணை, அந்தப் பாட்டை ஒருக்காப் போடுங்கோ" என்று கேட்பவர், அஞ்சலட்டை எழுதிய பழைய நேயரின் வாரிசு.

என் முடிவு இதுதான். தரவரிசையின் அலகு கேட்ட தடவையாக இருக்கக் கூடாது. கேட்ட ஆளாக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு பாடலை ஆயிரம் முறை ஓடவிட்டாலும் ஒருவரே. வாரக் கணக்கோடு, ஓராண்டு, ஐந்தாண்டு, இருபதாண்டு கழித்தும் அதைத் தேடிக் கேட்பவர் எத்தனை பேர் என்ற கணக்கும் வேண்டும். பதிவு வேறு, பாடல் வேறு என்று பிரித்து, மேடையிலும் பள்ளிக்கூடத்திலும் மற்றவர்கள் திரும்பப் பாடுவதையும் பாடலின் பக்கத்தில் எழுத வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு பட்டியலும் தான் யாரை எண்ணவில்லை என்பதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும். நீண்டகால அளவு பழைய பாடல்களுக்குச் சலுகை தரும் என்பது உண்மை. அதற்காகத்தான் குறுகிய, நீண்ட கணக்குகளைக் கலக்காமல் தனித்தனியே வெளியிடச் சொல்கிறேன்.

இதைச் செய்ய அமெரிக்க நிறுவனம் வர வேண்டியதில்லை. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் மூன்று மாவட்டங்களிலும் ஒரு சிறு களஆய்வைத் தொடங்கலாம். பேருந்துச் சாரதி, சவுண்ட் சேர்விஸ்காரர், கைபேசிக் கடைக்காரர், பள்ளி இசை ஆசிரியர் ஆகிய நால்வரிடமும் ஒரே வினாக்கொத்தைக் கொடுக்கலாம்: இந்த மாதம் எந்தப் பாட்டைக் கேட்டு வந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களின் வயது என்ன, போன வருடமும் அதே பாட்டுக்கு ஆள் வந்ததா, கேட்டும் போட மறுத்த பாட்டு உண்டா, மறுத்தது ஏன். கடைசி இரண்டு வினாக்களும் நான் அறிந்த எந்தத் தரவரிசைப் படிவத்திலும் இல்லாதவை. வன்னியில் அவை இல்லாமல் கணக்கெடுத்தால் கிடைக்கும் பட்டியல் பாதிதான்.