தீயணைப்பு வண்டி எந்தச் சபைக்குச் சொந்தம்?

2020 செப்டம்பர் 3. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல், சங்கமன்கண்டிக்குக் கிழக்கே நடுக்கடலில் தீப்பிடித்தது. உள்ளே ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெய். பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல் படையும் வந்து தண்ணீரும் நுரையும் பீச்சி அடித்தார்கள். அணைந்துவிட்டது என்று நினைத்த பிறகு 7ஆம் திகதி மறுபடியும் மூண்டது.

நாங்க அப்போ பள்ளிக்கூடத்தில் படிச்சுக்கொண்டிருந்தோம். எங்களுக்கு வந்த கேள்வி ரொம்பச் சின்னது. கடல்ல தீ எண்டால் இரண்டு நாட்டுக் கப்பல் வருது. ஆலையடிவேம்பில ஒரு வீடு எரிஞ்சால் யார் வருவாங்க?

முன்னொரு காலம் பக்கத்து வளவுதான் வந்தது. கிடுகுக் கூரை, ஓலை வேலி, கச்சான் காற்று மூன்றும் சேர்ந்தால் ஒரு பொறி போதும். கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணி, ஈரச் சாக்கு, அடுத்த வீட்டுக் கிடுகை இழுத்து விழுத்துறது. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். 1666இல் லண்டன் எரிந்தபோதும் நீண்ட கொக்கிகளால் வீடுகளை இழுத்து வீழ்த்தித்தான் தீயை மறிக்கப் பார்த்தார்கள். தோலால் செய்த நீர்க்குழாய் ஆம்ஸ்டர்டாமில் வந்தது 1670களில்தான். பிறகு காப்புறுதிக் கம்பனிகள் தங்கள் வாடிக்கையாளரின் கட்டடங்களைக் காக்க சொந்தப் படைகளை வைத்திருந்தன. 1824இல் எடின்பரோவில் நகரத்துக்கே பொதுவான ஒரு படை உருவானது. தீயணைப்பு நகரசபையின் வேலை என்ற எண்ணம் வலுப்பட்டது அதற்குப் பிறகுதான்.

அந்த எண்ணம்தான் இங்கேயும் வந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொழும்பும் கண்டியும் மாநகர சபைகளாயின. கொழும்பின் தீயணைப்புப் படை இன்றைக்கும் மாநகர சபையின் கீழேதான். தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறை. மாநகராட்சியைக் கேட்டு அது இயங்குவதில்லை. எங்கட நாட்டில் வண்டி பெரும்பாலும் உள்ளூராட்சி சபையின் சொத்து. கல்முனை 2001இலும் அக்கரைப்பற்று 2011இலும் மாநகர சபைகளாயின. ஆலையடிவேம்பு பிரதேச சபை. ஆகவே எங்க பக்கம் தீ எண்டால் பக்கத்து மாநகர சபைகளின் வண்டியைத்தான் எதிர்பார்க்கிறோம்.

வண்டி வந்தால் மட்டும் போதுமா? ஒரு கணக்குப் பாருங்க. 4,000 லீற்றர் தாங்கி, நிமிடத்துக்கு 500 லீற்றர் பீச்சும் ஒரு குழாய். எட்டு நிமிடத்தில் தாங்கி காலி! அதுக்குப் பிறகு பௌசர் வரணும், இல்லாட்டி கிட்ட உள்ள நீர்நிலையிலிருந்து உறிஞ்சணும். எவ்வளவு பெரிய பம்பியாக இருந்தாலும் நடைமுறையில் ஏழெட்டு மீற்றர் ஆழத்துக்குக் கீழிருந்து தண்ணியை உறிஞ்சி எடுக்கேலாது, காற்றழுத்தம் விடாது. எங்கட மணல் நிலத்துக் கிணறுகள் ஆழம் குறைஞ்சவை. அது ஒரு பெரிய வசதி. ஆனால் எந்தக் கிணற்றுக்குக் கிட்ட வண்டி போகலாம், எந்த ஒழுங்கைக்குள்ள நுழையாது என்று முன்கூட்டியே யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு விசயம். இந்தக் கரையில் 1980களிலும் 1990களிலும் தமிழ் வீடுகளும் எரிக்கப்பட்டன, முஸ்லிம் வீடுகளும் எரிக்கப்பட்டன. அந்தக் கதைகளை இரண்டு பக்கத்திலும் வீட்டுக்குள்ள கேட்டுத்தான் நாங்க வளர்ந்தோம். அக்கரைப்பற்றுக்கும் ஆலையடிவேம்புக்கும் நடுவில் உள்ள சபை எல்லை வெறும் நிர்வாகக் கோடு இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு வண்டி சைரன் போட்டு வருவது எங்களுக்குப் பெரிய விசயம். ஆனால் அது யாரோ ஒருவரின் நல்ல மனசில் மட்டும் தங்கியிருக்கக் கூடாது.

அதனால் நாங்க கேட்கிறது மூன்றுதான். பக்கத்துச் சபைகளுக்கிடையே எழுத்தில் ஓர் உடன்படிக்கை, செலவைப் பங்கிடும் கணக்கோடு. பிரதேச சபையின் பௌசரில் தீயணைப்புக் குழாய் பொருந்தும் இணைப்பு. வட்டாரம் வட்டாரமாக நீர்நிலைப் பட்டியல். கடைசியாகச் சொன்னதுக்குக் காசும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். இந்த விடுமுறையில சைக்கிளை எடுத்துக்கொண்டு நாங்களே தொடங்கலாம். வாறீங்களா?