தோல்விகளால் துவளாத ஆசான் ரகீம்

கால்பந்தாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டவர் நெஞ்சம் கல்கத்தா நகரை நோக்கிச் செல்வது வழக்கம். வங்காளத்தின் பெருமையை நாம் குறைத்துக் கூற வேண்டுவதில்லை. ஆயினும் உலக அரங்கில் இந்தியக் குழு தலைநிமிர்ந்து நின்ற நாட்களில் அதனைப் பயிற்றுவித்தவர் ஐதராபாத் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர். சையது அப்துல் ரகீம் என்பது அவர் பெயர். 2024-ஆம் ஆண்டில் ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்த பின்னரே நம்மில் பலர் அவரை அறிந்தனர். 1956-ல் ஆந்திரப் பிரதேசம் அமைந்த நாள் தொட்டு, 2014-ல் அது பிரியும் வரை ஐதராபாத்தையே தலைநகராகக் கொண்டிருந்த சித்தூர், திருப்பதி வாழ் தமிழர்களாகிய நமக்கே இந்த நிலை எனின், பிறரைக் குறை கூறுவது எங்ஙனம்?

1909-ல் பிறந்த ரகீம், ஐதராபாத் நகரப் போலீஸ் குழுவின் பயிற்சியாளராக விளங்கினார். 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அக்குழு வென்றது. 1951-ல் தில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றபோது, பயிற்சியாளர் அவரே. இத்துடன் அவர் வரலாறு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இராது.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்ற கணக்கில் தோற்றது. நம் வீரர்களுள் பலர் பூட்ஸ் அணியாது, வெறுங்காலுடன் அக்குளிர் நாட்டில் ஆடினர். வெறுங்காலால் ஆடுவதை ஒரு வீரச் செயலாகப் போற்றும் மனப்பான்மை அந்நாளில் இங்கு மிகுந்திருந்தது. இன்றும் சிலரிடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், அது பெருமையன்று, ஆயத்தமின்மையே. அத்தோல்விக்குப் பின்னரே அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கியது.

பத்து கோல் வாங்கிய குழுவின் ஆசானை ஊரார் எவ்வாறு பேசியிருப்பர் என்பதை விரித்துரைக்க வேண்டுமோ? ரகீம் சோர்ந்து அமரவில்லை. பழக்கமில்லாத காலினால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று விதி வகுத்துத் தம் சீடர்களுக்குள் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு சாகசம் காட்டும் பழக்கத்தை ஒழித்து, உடனுக்குடன் தோழனுக்குத் தள்ளும் ஆட்டத்தைக் கற்பித்தார். முன்னணியின் நடுவில் நிற்பவனைச் சற்றே பின்னுக்கு இழுத்து ஆடச் செய்யும் முறையையும் கையாண்டார். அம்முறையில்தான் அந்நாளைய ஹங்கேரிக் குழு 1953-ல் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என வென்று உலகை வியக்கச் செய்திருந்தது.

பயன் 1956-ல் மெல்போர்னில் விளைந்தது. போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே இந்தியா 4-2 எனத் தோற்கடித்தது. நெவில் டிசூசா மூன்று கோல்களும், நம் கிட்டு ஒரு கோலும் அடித்தனர். ஆசிய நாடொன்று ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்டது அதுவே முதன்முறை. அரையிறுதியில் எதிர்ப்பட்டது அதே யூகோஸ்லாவியா! முதற்கோலை அடித்தது இந்தியாதான்; முடிவில் 4-1 எனத் தோற்றது. வெண்கலத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவும் நம்மை வென்றது. நான்காவது இடம் பெற்றவனுக்குப் பதக்கம் ஏது?

இவ்விடத்தில் துளசிதாஸ் பலராமன் வரலாற்றைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. செகந்திராபாத்தை அடுத்த சிற்றூரில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றியவர். பயிற்சிக்கு நாள்தோறும் ஐதராபாத் வந்து போகப் பணமில்லை என்று அவர் கூறவே, சைக்கிள் வாடகையைத் தம் கையிலிருந்து ரகீம் கொடுத்தார். அந்த இளைஞர்தான் 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டுக்கு எதிராகவும் கோல் அடித்தவர். இரு ஆட்டங்களும் தோல்வியே; பிரான்சுடன் ஆடியது மட்டும் 1-1 எனச் சமன். எனினும் ஹெல்சிங்கியில் பத்து வாங்கியவர்கள், எட்டு ஆண்டுகளில் ஹங்கேரியிடம் 2-1 என்ற அளவில் மட்டுமே தோற்றனர் என்பதைக் கணக்கறிந்தோர் வெற்றி என்றே கொள்வர்.

1962-ல் ரகீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. அந்நிலையிலேயே ஜகார்த்தாவுக்குச் சென்றார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியா 2-0 என வென்றது. அடுத்து தாய்லாந்துடன் ஆடிய ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். பின்காப்பாளரான அவரை, தலைக்கட்டுடன் முன்னணியில் நிறுத்தினார் ரகீம். தெற்கு வியட்நாமுடன் நடந்த அரையிறுதியில் அவரும் ஒரு கோல் போட, இந்தியா 3-2 என வென்றது. இத்தகைய துணிபு வெறும் தந்திரமன்று. தம் மாணாக்கனை உள்ளும் புறமும் அறிந்த ஆசிரியனுக்கே வரும்.

இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அதனை இந்திய விளையாட்டுத் தலைவர் சோந்தி கண்டித்தமையால் ஜகார்த்தா மக்கள் நம்மீது கடுஞ்சினம் கொண்டிருந்தனர். நம் தூதரகமும் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் மைதானம் நிறைந்த கூட்டம் நம்மவரை இகழ்ந்து கூச்சலிட்டது. காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் ஒதுங்கியிருந்த தங்கராஜைக் கோல் காக்க மீண்டும் அழைத்தார் ரகீம். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் இருபது நிமிடங்களுக்குள் ஆளுக்கொரு கோல் அடித்தனர். முதல் நாள் நம்மைத் தோற்கடித்த அதே தென் கொரியா 2-1 எனப் பணிந்தது. பானர்ஜி கிழக்கு இரயில்வேயின் ஊழியர் என்பதை, அத்துறையில் எழுத்தர் பணி செய்யும் நான் சற்றே செருக்குடன் இங்குக் குறிக்க அன்பர்கள் அனுமதிப்பார்களாக.

ஒன்பது திங்கள் கழிந்து, 1963 ஜூன் 11-ஆம் நாள் ரகீம் மறைந்தார். பயிற்சியாளர்களுக்கென்று துரோணாச்சாரியார் விருது ஏற்பட்டது 1985-ல்தான். ஆசிய விழாவில் இந்தியக் கால்பந்துக் குழு அதன்பின் பெற்ற பதக்கம், 1970-ல் பாங்காக்கில் கிடைத்த வெண்கலம் ஒன்றே. அக்குழுவைப் பயிற்றுவித்தோருள் ஒருவர், ரகீமின் சீடர் பி. கே. பானர்ஜி.