சாரத்தால் துடைத்த சிடி

முன்னேஸ்வரத்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கணினி விளையாட்டு என்றால் சிலாபத்தில் வாங்கும் கொப்பி சிடிதான். ஒரு கார் விளையாட்டு மூன்றாவது கட்டத்தில் எப்பவும் அப்படியே நின்றுவிடும். சிடியில் ஊத்தை என்று நினைத்து சாரத்தால் துடைத்துத் துடைத்துப் போட்டோம். பிழை விளையாட்டிலேயே இருந்தது, கம்பனி அதைத் திருத்தி இணையத்தில் போட்டு வருஷக்கணக்கு என்று பிறகுதான் தெரிஞ்சது. கொப்பி வாங்கினவனுக்கு ஏது திருத்தம்?

விளையாடுபவர்களின் குறை கம்பனிகளின் காதில் விழுமா? பழைய கதைகளைப் பார்த்தால், விழும். ஆனால் கல்லாப்பெட்டி வழியாகத்தான்.

1982இல் அட்டாரி 'ஈ.டி.' படத்தை விளையாட்டாக்கியது. நத்தார் விற்பனையைத் தவறவிடக்கூடாதென்று நிரலாளர் ஹோவர்ட் ஸ்கொட் வோர்ஷோவுக்குக் கொடுத்தது ஐந்தே கிழமை. கார்ட்ரிட்ஜில் ஏற்றியதைப் பிறகு மாற்றவும் வழியில்லை. மிஞ்சியவற்றில் ஒரு பகுதியை 1983இல் நியூ மெக்சிக்கோவில், அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டி எடுத்தார்கள்.

இணையம் வந்ததும் 'முதலில் விற்போம், பிறகு திருத்துவோம்' என்றாகிவிட்டது. 'சைபர்பங்க் 2077' பல தடவை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10 வெளியானது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். பிளேஸ்டேஷன் 4இல் அது படும் பாட்டை யாருக்கும் காட்டவில்லை. விமர்சனத்தில் அக்கறை இல்லாதவன் ஏன் ஒளிக்கிறான்? ஆட்கள் காசைத் திருப்பிக் கேட்டதும், சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கி, 2021 ஜூன் வரை திரும்ப வைக்கவில்லை. என்றாலும் 2020இல் மட்டும் 1 கோடியே 37 லட்சம் பிரதிகள் விற்றாச்சு. பெரிய 2.0 திருத்தம் வர 2023 செப்டெம்பர் ஆனது.

சூடு விழுவது பெரும்பாலும் வேலை செய்தவர்களுக்குத்தான். பெதெஸ்டாவுக்காக ஒப்சிடியன் செய்த 'ஃபோல்அவுட்: நியூ வேகஸ்' 2010இல் பிழைகளோடு வந்தது. மெட்டாக்ரிட்டிக்கில் 85 புள்ளி எடுத்தால் ஒப்சிடியனுக்கு போனஸ். கிடைத்தது 84.

இப்போ நாங்களும் சேர்ந்து காசு போட்டு ஸ்டீமில் ஒரிஜினல் வாங்குகிறோம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பும் என்ற விதி அங்கே 2015இலிருந்து இருக்கு. திருத்தம் இறக்கப் போகும் டேட்டா காசுதான் திரும்பாது. போன மாதம் ஒன்று பாதி இறங்கும்போதே பக்கேஜ் முடிஞ்சது. மீதியை இன்னொருத்தன்ட ஹொட்ஸ்பொட்டில் இறக்கினோம், அவனுடையதும் முடிஞ்சது.