பெயர் இல்லாத படம்

நம் நாட்டுப் பழைய கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஓர் அறை இருக்கும். சுவரில் நீண்ட மரப்பலகை தொங்கும். இன்ன வருஷத்தில் நூறு கஜ ஓட்டத்தில் முதல்வர் இன்னார், இன்ன வருஷத்தில் ஹாக்கிக் குழுவின் தலைவர் இன்னார் என்று பொன்னிற எழுத்தில் வரிசையாக எழுதியிருக்கும். கண்ணாடி அலமாரிக்குள் கறுத்துப்போன வெள்ளிக் கோப்பைகள். அவற்றுக்கு மேலே குழுப் படங்கள். நடு நாற்காலியில் பிரின்ஸிபால், இரு பக்கமும் பேராசிரியர்கள், பின்னால் மார்பில் கைகட்டி நிற்கும் இளைஞர்கள். ஓரத்தில், கழுத்தில் விசில் தொங்க, வெயிலில் வதங்கிய முகத்தோடு ஒருவர் நிற்பார். படத்தின் அடியில் மற்ற எல்லோருக்கும் பெயர் உண்டு. பல படங்களில் அவருக்கு மட்டும் "பயிற்சியாளர்" என்ற ஒரே சொல்தான்.

அந்த ஓரத்து மனிதரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

புகழை எழுதி வைக்கும் வித்தையை நாம் வெளிநாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை. வீரனுக்குக் கல் நாட்டும் சடங்கைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பிரித்துச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவதில் அது முடியும். அப்படி நட்ட கற்களில் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தியது. ஆநிரை காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனின் நினைவுக்கு எடுத்த கல். அதில் அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. அது எஜமானனோடு நின்று கள்வரைக் கடித்த நாய். அதன் பெயர் கோவிவன் என்பதையும் மறக்காமல் வெட்டியிருக்கிறார்கள். இராஜபாளையத்து நாயின் பெருமை பேசி அலுக்காத எங்கள் வட்டாரத்துக்காரர்கள் இதைக் கேட்டால் மீசையை முறுக்கிக்கொள்வார்கள். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. வென்றவனை மட்டும் எழுதினால் போதாது, பக்கத்தில் நின்றவனையும் எழுத வேண்டும் என்ற நியாயம் அந்தக் கல்தச்சனுக்குத் தெரிந்திருக்கிறது.

கிரேக்க நாட்டிலும் அந்த நியாயம் தெரிந்த ஒருவர் இருந்தார். கிறிஸ்துவுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிண்டார் என்ற கவிஞர், ஒலிம்பியாவிலும் மற்ற விழாக்களிலும் வென்றவர்களைப் பாடுவதையே தொழிலாகக் கொண்டவர். மல்யுத்தத்தில் வென்ற பையன்களைப் பாடும்போது, அவர்களைப் பழக்கிய மெலேஸியாஸ் என்ற ஆசிரியரின் பெயரையும் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். அதனால்தான் இரண்டாயிரத்தைந்நூறு வருஷங்கள் கழித்தும் அந்தப் பெயர் நமக்குத் தெரிகிறது.

சரி, ஆசிரியரைக் கௌரவிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், அவரை எதைக் கொண்டு அளப்பது? இதற்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் அமெரிக்காவில் இருக்கிறது. 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். மாசசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. பனிக்காலத்தில் வெளியே ஓட முடியாமல் முரண்டு பிடித்த மாணவர்களுக்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பிறகு அவர் கான்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே குழுவைப் பயிற்றுவித்தார். பலன்? 55 ஆட்டங்களில் வெற்றி, 60 ஆட்டங்களில் தோல்வி! அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துச் சரித்திரத்திலேயே வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரே பயிற்சியாளர், அந்த ஆட்டத்தைப் படைத்தவர்தான்.

ஆனால் அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் என்ற மாணவர் அதே கான்ஸாஸில் பயிற்சியாளராகி 590 வெற்றிகள் கண்டார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப்பும் டீன் ஸ்மித்தும் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் பெரும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். 1955-இல் கான்ஸாஸ் கட்டிய அரங்குக்கு ஆலன் பெயர். அதற்குள்ளே பந்து துள்ளும் தளத்துக்கு நெய்ஸ்மித் பெயர். தோல்வி மிகுந்தவருக்கு ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆட்டக் கணக்கை விட்டு, வம்சக் கணக்கைப் பார்த்தார்கள்.

நெய்ஸ்மித் கூடை மாட்டிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஒருவர் 1919-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஹாரி க்ரோ பக் என்று பெயர். அடுத்த வருஷமே உடற்பயிற்சி ஆசிரியர்களை உண்டாக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு ஆரம்பித்த அந்தப் பள்ளிதான் பின்னால் சைதாப்பேட்டைக்கு அருகே, நந்தனத்தில், பெரிய மைதானங்களோடு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்தியா அனுப்பிய தடகளக் குழுவுக்குப் பொறுப்பேற்றுக் கூட்டிச் சென்றவரும் பக்தான். அந்தக் குழுவில் தடை ஓட்டம் ஓடிய சி. கே. லட்சுமணன் பின்னாளில் மருத்துவத் துறையில் உயர்ந்து, இந்திய அரசின் சுகாதாரப் பணிகளுக்குத் தலைமை இயக்குநரானார். பாரிஸிலிருந்து திரும்பிய பின் பக்கும் அவருடைய சகா நோஹரெனும் மாகாணம் மாகாணமாகச் சுற்றி விளையாட்டுச் சங்கங்களை எழுப்பினார்கள். 1927-இல் தொராப்ஜி டாட்டாவின் தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்ததில் அந்த அலைச்சலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1943-இல் பக் காலமானார்.

பாரிஸில் அவருடைய குழு ஒரு பதக்கமும் பெறவில்லை. ஆட்டக் கணக்கில் அவருக்கும் பூஜ்யம்தான். வம்சக் கணக்குப் பார்த்தால்? அந்தக் கல்லூரியிலிருந்து வந்தவர்களும், அவர்களிடம் கற்றவர்களுமாக டிரில் மாஸ்டர்கள் ஜில்லா ஜில்லாவாகப் பரவினார்கள். வாலிபால் வலையும் கூடைப்பந்து வளையமும் கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் வரை வந்தது அவர்கள் கையால்தான். எங்கள் வன்னியம்பட்டிப் பையன்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ இராஜபாளையத்துக்கோ படிக்கப் போனால், முதலில் பயந்ததும் கடைசி வரை மறக்காததும் டிரில் மாஸ்டரைத்தான்.

இந்த டிரில் மாஸ்டரை நாம் எப்படி நடத்தினோம்? கதையிலும் சினிமாவிலும் அவர் கோமாளி. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது அவருடைய பீரியட்; கணக்கு வாத்தியார் பாடம் முடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார். பந்தய நாளன்று விடிவதற்குள் எழுந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டவர் அவர். நீளத் தாண்டுகிறவன் காலை ஒடித்துக்கொள்ளாதபடி மணலைக் கொத்திப் போட்டவர் அவர். பரிசுச் சான்றிதழ்களில் முத்து முத்தாகப் பெயர்களை எழுதியவரும் பெரும்பாலும் அவரே. கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் தலைமையாசிரியருக்கு.

தேசிய அளவிலும் கதை அதுதான். சிறந்த ஆட்டக்காரர்களுக்கு அர்ச்சுனா விருது 1961-இல் ஏற்பட்டது. முதல் வருஷத்திலேயே டென்னிஸுக்கு ராமநாதன் கிருஷ்ணனும், சதுரங்கத்துக்கு மானுவேல் ஆரனும், வாலிபாலுக்கு ஏ. பழனிசாமியும் பெற்றார்கள். பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியார் விருது வந்ததோ 1985-இல். வில்லாளிக்கும் குருவுக்கும் நடுவே இருபத்துநான்கு வருஷம்! விருதின் பெயரும் என்னை யோசிக்க வைக்கிறது. துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர். நம் பயிற்சியாளர்களோ சிஷ்யனுக்காகத் தங்கள் விரல்களைத் தேய்த்துக்கொண்டவர்கள்.

அந்த முதல் வருஷத்தில் துரோணாச்சாரியார் விருது பெற்றவர்களில் ஒருவர் ஓ. எம். நம்பியார். விமானப்படையில் இருந்தவர், கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் ஒல்லியான ஒரு சிறுமியின் கால்களைக் கண்டு அவளுடைய எதிர்காலத்தைக் கண்டவர். அந்தச் சிறுமிதான் பி. டி. உஷா. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில், ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு பிந்தி வெண்கலத்தை இழந்தார். அடுத்த வருஷம் உஷாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அது நியாயமே. நம்பியாருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது 2021-இல். அதை நேரில் போய் வாங்குவதற்குள், அந்த ஆகஸ்டிலேயே அவர் காலமாகிவிட்டார். மாணவிக்கும் ஆசிரியருக்கும் நடுவே முப்பத்தாறு வருஷம்.

நம்பியாருக்காவது ஓர் உஷா இருந்தார். உஷா அகப்படாத நம்பியார்கள் எத்தனை பேர்? சிஷ்யனின் பதக்கத்தை எண்ணித்தான் குருவுக்குப் பரிசு என்றால், 55 வென்று 60 தோற்ற நெய்ஸ்மித்தை நம் தேர்வுக் குழு வாசலோடு அனுப்பிவிடும். முப்பது வருஷம் ஒரே மைதானத்தில் நின்று, கூனி நடந்த பையன்களை நிமிர்ந்து நடக்க வைத்தவருக்குப் பதக்கக் கணக்கு ஏது?

நல்ல முன்மாதிரியும் நம்மிடம் இருக்கிறது. லயோலா கல்லூரியை 1925-இல் நிறுவிய பெர்ட்ராம் பாதிரியாரின் பெயரால் அங்கே பந்தயங்கள் நடப்பது வழக்கம். கல்லூரி மாணவர்களுக்கே உரிய அந்தப் பந்தயத்தில், 1951-இல், ஒரு பள்ளிக்கூடப் பையனை ஆட விட்டார் அன்றைய பிரின்ஸிபால். தந்தை டி. கே. ராமநாதனிடம் டென்னிஸ் கற்ற அந்தப் பையன், மூன்று வருஷம் கழித்து விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்றான். அவன்தான் நான் மேலே சொன்ன ராமநாதன் கிருஷ்ணன். விதியைச் சற்றுத் தளர்த்திய பிரின்ஸிபாலும், பந்தடித்துக் கொடுத்த தந்தையும் அந்தப் பட்டத்தில் பங்காளிகள் இல்லையா?

2004-இல் தமிழ்நாட்டில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் ஏற்படுத்தச் சட்டம் வந்தது. கல்லூரிகள் பல நூற்றாண்டு கண்டுவிட்டன. விழா மலர்கள் போடுகின்றன. மலர் போடுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. குழுப் படங்களைக் கீழே இறக்குங்கள். ஓரத்தில் நிற்பவர் யார் என்று, படத்தில் இருப்பவர்களில் உயிரோடு இருக்கும் கிழவர்களைக் கேளுங்கள். கேட்க இன்னும் கொஞ்ச நாள்தான் அவகாசம் இருக்கிறது. ஊரும் பேரும் தெரிந்ததும் "பயிற்சியாளர்" என்ற சொல்லுக்கு முன்னால் எழுதிவிடுங்கள். கோவிவனுக்குக் கல்லிலே இடம் விட்ட நாட்டில், அவருக்குக் காகிதத்திலே ஒரு வரி அதிகமில்லை.