கொழும்புத் தமிழ் வீடுகளின் இசைப்பெட்டி

வெள்ளவத்தை அடுக்குமாடியொன்றில் குடியேறும் நடுத்தரக் குடும்பத்தார் வரவேற்பறைக்கு ஓர் இசைக்கருவி வாங்க எண்ணினால், இன்று அவர்கள் முன் வைக்கப்படுவது ஸ்ட்ரீமர் என்னும் பெட்டி. இசைத்தட்டோ நாடாவோ இதற்குள் போவதில்லை. இணையத்தின் வழியே வரும் பாடலையும் வீட்டு வன்தட்டில் சேர்த்துவைத்த பாடலையும் எண்களாகப் பெற்று, அவற்றை மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவதே இதன் தொழில். எளிய பெட்டி ஏறத்தாழ 100 அமெரிக்க டொலருக்குக் கிடைக்கிறது. உயர்தரமெனப்படுவது பல்லாயிரம் டொலர் வரை போகிறது. எதை வாங்குவது என்று கேட்டுவரும் நண்பர்களுக்கு விடை கூறுமுன், நூறாண்டுக் கதையொன்றைச் சொல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம். நம் வீடுகளில் பெட்டி மாறியபோதெல்லாம் அதன் மெருகைப் பற்றியே பேச்சு நிகழ்ந்தது. பாட்டு எவர் கையில் இருக்கிறது என்று கேட்டவர் அரியர்.

கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிற்றறை ஒன்றில் 1923ஆம் ஆண்டு ஒரு பரிசோதனை நிகழ்ந்தது. எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளரும் அவர்தம் உதவியாளரும், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புக்களைக்கொண்டு ஒரு பரப்பியை அமைத்து, கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தனர். 1925 டிசெம்பர் 16இல் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆகவே இந்நகரத்து ஆகாயத்தில் முதன்முதற் பறந்த இசை, தட்டிலிருந்து எழுந்த இசையே. அன்று இங்கு வந்த தமிழ்த் தட்டுகளோ கடல்கடந்து வந்தவை. கிராமபோன் கம்பெனி 1902இல் இந்தியாவில் ஒலிப்பதிவைத் தொடங்கி, 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலையும் நிறுவியிருந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். தோடியை மணிக்கணக்கில் விரிக்கும் வித்துவான் அதனை மூன்று நிமிடத்திற் சுருக்கிக் கொடுத்தார். கருவிக்கேற்ப இசையை நறுக்கும் வழக்கம் அன்றே வந்துவிட்டது.

எனினும் அத்தட்டைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. 1920களில் கொழும்பு மேடைகளில் நாடகமாடிய எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயதையும் எட்டாமல் மறைந்தார். அவர் குரலை நாம் இன்றும் கேட்கக்கூடியதாக இருப்பது அந்த அரக்குத் தட்டினாலன்றோ!

போரின்போது தென்கிழக்காசிய நேசப்படையினருக்காக இங்கு அமைந்த வானொலியின் ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பி, பின்னர் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. 1949 ஒக்டோபரில் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கெஸ்கர் திரைப்பாடல் மீது கொண்ட வெறுப்பினால், அகில இந்திய வானொலியில் அப்பாடல்களுக்கு இடம் குறைந்தது. சென்னையிற் பிறந்த பாட்டைச் சென்னைவாசி கொழும்பிலிருந்து கேட்கும் விந்தை இவ்வாறு நேர்ந்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரல் தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது. 1957 ஒக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டமைக்கு இப்போட்டியே முதற் காரணம். நமக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையைச் சுமந்த பாடல்களிற் பெரும்பாலானவை பிறர் பதிந்த தட்டுகள் என்பதையும் மறத்தலாகாது. நம்மவர் பாடியதும் நடித்ததும், சானா எனப்பட்ட சண்முகநாதன் தயாரித்த நாடகங்கள் உட்பட, வானொலி நிலையத்தின் களஞ்சியத்தைச் சார்ந்தே வாழ்ந்தன.

அக்காலத்து வசதிபடைத்த வீடுகளில் ரேடியோகிராம் என்னும் பெரிய மரப்பெட்டி இருந்தது. வானொலியும் தட்டுச் சுழலியும் ஒன்றாயமைந்த அதன்மேல் பின்னல் விரிப்பும் பூச்சாடியும் வீற்றிருக்கும். மூடியைத் திறக்கும் உரிமை குடும்பத் தலைவருக்கே உரியது. வீட்டுவேலை செய்யும் பெண் அதன் தூசியைத் துடைப்பாளேயன்றி அதன் குமிழைத் தொடமாட்டாள். ட்ரான்சிஸ்டர் வந்தபின்னரே அந்தத் தனியுரிமை உடைந்தது. கொட்டாஞ்சேனையின் துறைமுகத் தொழிலாளியும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியும் தமக்கென ஒரு குமிழைத் திருகத் தொடங்கினர். இசைக்கருவிகளின் வரலாற்றில் உயர்தரம் என்ற சொல்லுக்கு நாம் பொருள் காண்பதாயின், மின்கலத்தில் இயங்கிய அந்தச் சிறு பெட்டியின் பெயரையே முதலில் எழுதுவோம்.

1970இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. அப்பத்தாண்டில் ஈழத்து மெல்லிசை வானொலியில் இடம் பெற்றது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின. இக்கட்டுப்பாடே இம்மலர்ச்சிக்கு முழுக் காரணம் என்று வாதிடுவோரும் உளர். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். 1977இன் பின் கதவு திறந்தது. ஜப்பானியக் கசற் கருவிகள் கடைகளிற் குவிந்தன. மத்திய கிழக்கிலிருந்து மீண்டோர் தோளிலும் அவை தொங்கின. காசு கொடுத்தால் வேண்டிய பாட்டை வேண்டிய வரிசையில் பதிந்து தரும் ரெக்கோடிங் பார்கள் தோன்றின. வாழ்க்கையில் முதன்முறையாகச் சாதாரண மனிதன் பாட்டைப் பிரதி செய்து தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் பெற்றான்.

அந்த வீடுகளுக்குத்தான் 1983 ஜூலை 24 இரவின் பின் தீ வந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தி வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளைத் தேடிக் கொளுத்தினர். உயிரிழந்தோர் கதை முன்னே நிற்க, பொருளைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லியாக வேண்டும். பாரதக் கதையில் அரக்கு மாளிகை எரிந்தது. கொழும்பிலோ வீட்டோடு அரக்குத் தட்டும் எரிந்தது, வினைல் தட்டும் நாடாவும் உருகின. முகாம்களில் தங்கிக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்கள் உடுத்த உடையோடு போனார்கள். சென்னைத் தட்டு எரிந்தால் இன்னொரு பிரதி எங்கேனும் இருக்கும். ஒரு சங்கீத வகுப்பின் அரங்கேற்றத்தையோ ஒரு கோவில் திருவிழாவின் நாதசுவரக் கச்சேரியையோ பதிந்த ஒற்றை நாடா எரிந்தால் அது எரிந்ததுதான்.

இப்பொழுது ஸ்ட்ரீமருக்கு வருவோம். 1982இல் சந்தைக்கு வந்த குறுவட்டு, ஒலியலையைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இரும இலக்கங்களில் எழுதியது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளியை அது தாங்கும். கடற்கரை ரயிலும் காலி வீதிப் பஸ்களும் ஓயாத வெள்ளவத்தையில், யன்னல் திறந்த அறையின் இரைச்சல் மட்டுமே 50 டெசிபெலை எளிதில் எட்டும். ஆதலின் அதற்கு மேற்பட்ட நுணுக்கத்துக்குக் கொடுக்கும் பணத்திற் பெரும்பகுதி பஸ்ஸின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். மேலும், வலைவழி வரும் எண்கள் 100 டொலர்ப் பெட்டிக்கும் 10,000 டொலர்ப் பெட்டிக்கும் ஒன்றே. எண்ணை அலையாக்கும் பகுதியிலும் அதற்குப் பின்னுள்ள மின்சுற்றிலும் வேறுபாடு உண்டு. ஆனால் நன்கு செய்யப்பட்ட பெட்டிகளிடையே அது சிறிது. ஒலிபெருக்கியும், அது நிற்கும் இடமும், மொட்டைச் சுவரில் தொங்கும் தடித்த திரைச்சீலையும் தரும் மாற்றம் பெரிது. விலைப்பட்டியல் இதனைச் சொல்லாது.

நாம் அதைவிட முக்கியமாகக் கருதும் சோதனை வேறு. 2001இல் ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு கம்பெனி, கணினியிலுள்ள பாட்டை வலைவழி ஒலிக்கச் செய்யும் பெட்டியை விற்கத் தொடங்கிற்று. ஸ்குவீஸ்பொக்ஸ் என்று பெயர்பெற்ற வரிசை அதன் வழிவந்ததே. 2006இல் லொஜிடெக் அக்கம்பெனியை வாங்கி, 2012இல் அவ்வரிசையை நிறுத்தியது. 2024இல் அதன் இணையச் சேவையும் மூடப்பட்டது. ஆயினும் அதன் மென்பொருள் எவரும் திறந்து பார்த்துத் திருத்தத்தக்கதாக இருந்தமையால், ஆர்வலர் கையில் அப்பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. 2020இல் சொனோஸ் தன் பழைய கருவிகள் சிலவற்றுக்குப் புதிய மென்பொருள் தருவதை நிறுத்தியபோது வாங்கியோர் கொதித்தெழுந்ததையும் உலகம் கண்டது. நவீன பெட்டி பழுதாகாமலே கிழடாகிவிடும்.

நம் நாட்டுக்கு இன்னொரு பாடமும் உண்டு. ஸ்பொட்டிஃபை 2021இல் இங்கு வந்தது; மறு ஆண்டே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறி, நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரமும் நின்றது. உயர்தரப் பெட்டிக்கு ஓர் ஆசிரியர் பல மாதச் சம்பளத்தைக் கொடுக்கலாம். மாதச் சந்தா நின்ற அன்று அவர் வீட்டில் எஞ்சும் பாட்டு எத்தனை? ஆகவே வன்தட்டிலுள்ள சொந்தக் கோப்புகளை, கம்பெனிக் கணக்கோ இணையமோ இன்றி ஒலிக்கச் செய்யாத பெட்டியை, அது எத்துணை அழகாயினும் வாங்கவேண்டாம் என்பது நம் துணிபு. இந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றும் எளிய பெட்டியே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

ஏனெனில் நமக்கு வேண்டியவற்றுட் பல சேவைகளின் பட்டியலில் இல்லை. இணுவிலிற் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியை உயர்தர ஒலியிற் கேட்க விரும்புவோர் எங்கே தேடுவது? திருவிழாக்களிற் பதிந்த நாடாக்களின் பிரதிகளே நமக்குப் பெரிதும் எஞ்சியவை. அவை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பெயர்ந்த குடும்பங்களின் பெட்டிகளிலும் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணப் பணி நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருகிறது. வானொலிக் களஞ்சியத்திலுள்ள தமிழ் நாடாக்களையும் பொதுமக்கள் கேட்கத்தக்க நிலைக்குக் கொணரக் கோருவது நம் சங்கங்களின் கடமை.

வீட்டிற் செய்யக்கூடிய வேலை சிறிதே. 90 நிமிட நாடாவொன்றைச் செக்கனுக்கு 96,000 அளவுகளாக, 24 இலக்கத்திற் பதிந்தால் 3 கிகாபைட்டுக்குச் சற்று மேற்படும். ஃபிளாக் என்னும் இழப்பற்ற சுருக்க முறையில் ஏறத்தாழப் பாதியாகும். ஒரு டெராபைட் வன்தட்டில் இவ்வாறு 600 நாடாக்கள் அடங்கும். பாடியவர் பெயரும் ஆண்டும் இடமும் கோப்பிலேயே எழுதப்படல் வேண்டும்; இரண்டாம் பிரதி வேறொரு வீட்டில், கூடுமானால் வேறொரு நாட்டில் இருத்தல் வேண்டும். பழைய நாடாவைச் சீராக ஓட்டும் கருவி புதிதாய்க் கிடைப்பது இப்போது அரிது. புறக்கோட்டையிலோ கொட்டாஞ்சேனையிலோ, ரப்பர் வாரை மாற்றி ஒலிமுனையைத் துடைத்துக் கோணம் திருத்தத் தெரிந்த பழைய கைவினைஞர் ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டும். இசைப்பெட்டிக்கென ஒதுக்கிய பணத்தில் முதற்பங்கு அவருக்கு.