சேப்பாக்கத்து விலங்குகளும் புதுச்சேரிச் சுறாவும்

மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாள்களில் 'மாலிக்குல் ஹஸீன்' என்றொரு சொல் எங்கள் வகுப்பில் வந்தது. துயருற்ற உடைமையாளன் என்பது அதன் சொற்பொருள். அது எந்தப் பிராணி என்று நாங்கள் உஸ்தாதைக் கேட்டோம். "அது ஒரு நீர்ப்பறவை" என்று விடை கூறிப் பாடத்தைத் தொடர்ந்தார். நாங்களும் அவ்வாறே எழுதிக்கொண்டோம். அந்தப் பறவையை நான் கண்ணால் காண்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கண்டேன் என்பதைக் காட்டிலும், நாள்தோறும் கண்டுகொண்டிருந்ததை இன்னதென்று அறிந்தேன் என்பதே சரி.

பூரணாங்குப்பத்துப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றிருந்தேன். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் முன் பிள்ளைகள் வாய்பிளந்து நின்றார்கள். நானோ பறவைகளின் வரிசையிலே நின்றுவிட்டேன். கண்ணாடிப் பேழைக்குள், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, ஏதோ ஒன்றை இழந்துவிட்டதைப் போல நின்றது ஒரு நாரை. எங்கள் ஊரை அடுத்த சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்தில் அன்றாடம் நிற்கும் அதே நாரைதான்! அரபு அகராதிகள் கூறும் மாலிக்குல் ஹஸீன் அதுவே அல்லவா?

இதில் ஒரு வியப்பும் உண்டு. ஹிஜ்ரி 808 இல் கெய்ரோவில் மறைந்த இமாம் தமீரீ அவர்கள் 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலை இயற்றியதற்கே இப்படியொரு வகுப்பறைக் குழப்பம்தான் காரணம். பாடத்தின் நடுவே மாலிக்குல் ஹஸீனைப் பற்றியும், 'தீக்' எனப்படும் ஆண் கழுதைப்புலியைப் பற்றியும் பேச்சு எழ, அங்கிருந்தோர் பொருள் புரியாது தடுமாறினர் என்று அந்நூலின் முன்னுரையில் அவரே கூறுகிறார். இளமையில் தையற்காரராக உழைத்துப் பிழைத்து, பின்னர் அஸ்ஹரில் பாடம் நடத்திய ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர் அவர். அகர வரிசையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகளில் பிராணிகளைப் பற்றி எழுதினார். பிராணியின் இயல்பு, அதை உண்பது பற்றிய சட்டம், அதன் பெயரால் வழங்கும் பழமொழி, கனவில் கண்டால் பலன் என யாவும் அதில் உண்டு. கட்டுக்கதைகளும் கலந்தே உள்ளன, மறைப்பதற்கில்லை. அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் முன்னரே 'கிதாபுல் ஹயவான்' எழுதிய பஸராவின் ஜாஹிழ், அரிஸ்டாட்டில் சொன்னார் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்காமல், கண்ணால் கண்டோரிடம் கேட்டறிய முயன்றவர். அந்த வழி நம் பாடசாலைகளில் தொடர்ந்திருந்தால், நாரையை அறிய நான் எழும்பூர் வரை போகவேண்டியிருந்திராது.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் வரலாற்றில் நம்மவர் அறியவேண்டிய பக்கம் ஒன்றுண்டு. சென்னை இலக்கியச் சங்கத்தார் தம்மிடமிருந்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளை அளிக்க, 1851 இல் அது தொடங்கப்பெற்றது. முதற்பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர்; கருநாடக நவாபின் அவையில் அரசாங்க முகவராகவும் பணிபுரிந்தவர். சென்னையில் முகமதியப் பொது நூலகம் 1850 இல் அமைந்ததும் அவர் முயற்சியால்தான். 1854 இல் அருங்காட்சியகம் பாந்தியன் மாளிகைக்கு இடம்பெயர்ந்தது.

உயிருள்ள விலங்கு ஒன்றிரண்டை அங்கே வைத்தபோது மக்கள் திரண்டு வருவதைப் பால்ஃபர் கவனித்தார். உடனே அவர் நாடியது சேப்பாக்கத்தை. நவாப் குலாம் முகம்மது கௌஸ் கான் கவிஞர்; கவிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தவர்; அரண்மனையில் விலங்குகளையும் வளர்த்து வந்தார். பால்ஃபரின் வேண்டுகோளுக்கு இணங்கி அத்தொகுதி முழுவதையும் அவர் அளித்தார். 1855 இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலை உருவாயிற்று. அதே 1855 இல் நவாபும் மறைந்தார். நேர் வாரிசு இல்லை என்று கூறிக் கம்பெனியார் நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டனர். காட்சிசாலை 1863 இல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், நூற்றாண்டு கடந்து வண்டலூரில் 1985 இல் நிலைபெற்றது. வண்டலூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரில் எத்தனை பேர் சேப்பாக்கத்து நவாபை நினைப்பார்கள்?

பிள்ளைகளில் ஒருவன் என்னிடம், "நம்ம ஊரு மீன் இங்கே இருக்கா, ஹஜ்ரத்?" என்று கேட்டான். புதுச்சேரியின் பெயரையே தாங்கிய மீன் ஒன்று உண்டு. ஆனால் அதன் கதை பாரிஸ் நகரத்தோடு பிணைந்தது.

1816 இல் லெஷெனோ தெ லா தூர் என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் புதுச்சேரிக்கு வந்தார். 1822 இல் நாடு திரும்பும் வரை செடிகளையும் உயிரினங்களையும் திரட்டினார். இக்கரை மீன்கள் பல பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. அங்கே குவியேவும் வலான்சியேனும் 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளில் மீன்களின் வரலாற்றை எழுதியபோது, நம் செம்படவர்கள் வழங்கிய பெயர்கள் சிலவும் பிரெஞ்சு எழுத்தில் ஏறின. அரபு எழுத்தில் தமிழை எழுதிய மரபில் வந்தவன் நான்; அயல் எழுத்தில் தமிழ் ஒலியைக் காண்பது எனக்குப் புதிதன்று. ஆயினும் வலைக்காரர் வாய்மொழி பாரிஸ் ஏட்டில் கிடப்பதை எண்ணுகையில் மனம் ஒருவாறு நெகிழ்கிறது.

அந்த வலான்சியேன் 'ஹெமியோடான்', அதாவது பாதிப்பல், என்று பெயரிட்ட சிறிய சுறாவை 1839 இல் முல்லரும் ஹென்லேயும் தம் நூலில் விவரித்தனர். ஆய்வுக்கு அடிப்படையான மாதிரி புதுச்சேரியில் பிடிபட்டது. எனவே உலகம் அதைப் புதுச்சேரிச் சுறா என்றே அழைக்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். மார்புத் துடுப்பிலும் இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் வாலின் கீழ் மடலிலும் கறுப்பு நுனி. உலக அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து இருபது மாதிரிகள் அளவிலேயே உள்ளன. பெரும்பாலானவை 1900 க்கு முன் சேர்ந்தவை. உறுதியாகப் பதிவான கடைசிச் சுறா 1979 இல் இந்தியாவில் கிடைத்தது. 2001 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்துப் பிடிப்பதைத் தடுத்தார்கள். இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றைப் பிடிக்கக் கூடாதென்று சட்டம்! நகைப்பதற்கன்று; ஒருவேளை இருந்தால் அதற்கு வேறு துணை ஏது?

ஊர் திரும்பிய பின், அச்சுறாவின் படத்தை எடுத்துக்கொண்டு கிழக்கே கடற்கரைக்குச் சென்றேன். வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் படத்தை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். கறுப்பு நுனிகளை விரலால் தொட்டார்.

"சின்ன வயசுல எங்கப்பாரு வலையில இந்த மாதிரி பட்டிருக்கும், பாய். கறுப்பு முனை வெச்ச சுறா நாலஞ்சு ஜாதி உண்டு. அதுல இது எதுன்னு அவரு இருந்தா சொல்லியிருப்பாரு" என்றார்.

படத்தைத் திருப்பித் தரவில்லை. பேரனிடம் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.